எலும்பறிந்த கோடு

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு தாள் இருக்கிறது. நாம் அன்றாடம் புழங்கும் ஏ-4 தாளின் அளவுதான். சிஸ்டைன் தேவாலயக் கூரையில் லிபிய சிபில் என்னும் குறிசொல்லும் பெண்ணைத் தீட்டுவதற்கு முன்னால், 1510-11 வாக்கில், மைக்கலாஞ்சலோ சிவப்புச் சுண்ணக்கட்டியால் போட்டுப் பார்த்த பயிற்சி அது. கூரையில் இருப்பவள் பெண். தாளில் உட்கார்ந்திருப்பவன் ஆண். பட்டறை உதவியாளனாக இருக்கலாம். அவனைத் திரும்பி உட்காரச் சொல்லி, இரண்டு கைகளையும் தூக்க வைத்து, இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாகத் திருக வைத்து, முதுகை வரைந்திருக்கிறார்.

அந்த முதுகின் முன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். முதுகு என்றதும் பழகாத கை நடுவில் ஒரு கோடு இழுக்கும். இரு பக்கமும் தோள்பட்டைக்கு இரண்டு வளைவு போடும். மீதியை நிழலால் நிரப்பிவிடும். இந்தத் தாளில் நிரப்பிய இடமே கிடையாது. கைகள் மேலே போனதால் தோள்பட்டை எலும்புகள் இரண்டும் சுழன்றிருக்கின்றன. அவற்றின் கீழ்முனைகள் அக்குள் பக்கமாக ஒதுங்கியிருக்கின்றன. அந்த எலும்புகளிலிருந்து புறப்பட்டுக் கைக்குப் போகும் தசைகள் திரண்டு மேடு கட்டியிருக்கின்றன. முதுகெலும்பின் பள்ளம் உடம்பின் முறுக்கோடு சேர்ந்து வளைந்து இறங்குகிறது. ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பெயர் உண்டு, செய்துகொண்டிருக்கும் ஒரு வேலை உண்டு. தாளின் ஓரத்தில், எடை தாங்கி அழுந்தும் காலின் பெருவிரலைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். இருபது மீட்டர் உயரக் கூரையில் அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்குச் சரியாக எட்டாத ஒரு கால்விரலுக்கு இத்தனை கவலை.

கண் முன்னால் மாடல் உட்கார்ந்திருக்கும்போது எலும்பும் தசையும் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் மாடல் ஓர் உயிருள்ள ஆள். சிபில் உட்கார்ந்திருக்கும் நிலையை அவனால் சில நிமிடங்களுக்கு மேல் தாங்க முடியாது. தோள் தொங்கும், முறுக்கு தளரும். ஜன்னல் வெளிச்சம் நகர்ந்து நிழல் இடம் மாறும். எது உடம்பின் வடிவம், எது வெளிச்சத்தின் விளையாட்டு என்று அப்போது பிரித்துச் சொல்வது கண் அல்ல, அறிவு. உடற்கூறு தெரியாதவர் தோலின் மேல் கிடக்கும் நிழலை நகலெடுக்கிறார். தெரிந்தவர் அந்த நிழல் ஏன் அங்கே விழுந்தது என்று கேட்டு, காரணத்தை வரைகிறார். அவருடைய கோடு எலும்பு தட்டுப்படும் இடத்தில் இறுகும். சதை தொய்யும் இடத்தில் இளகும். ஒரு ஓவியத்தின் முன்னால் நின்று இவர் உடற்கூறு படித்தவரா என்று அறிய எனக்குத் தெரிந்த ஒரே சோதனை இதுதான்: கோட்டின் அழுத்தம் எங்கெங்கே மாறுகிறது என்று பார்ப்பது.

மைக்கலாஞ்சலோ இதைக் கற்ற இடம் ஃபிளாரன்ஸ் நகரத்தின் சாண்டோ ஸ்பிரிட்டோ மடம். ஏறத்தாழ பதினெட்டு வயதில், மடத்தின் மருத்துவமனையில் இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்க்க மடத்துத் தலைவர் அவருக்கு இடம் கொடுத்தார். நன்றிக்காக மைக்கலாஞ்சலோ மரத்தில் ஒரு சிலுவைச் சிலை செதுக்கிக் கொடுத்தார் என்பது அவர் காலத்திலேயே எழுதப்பட்ட வரலாறு.

லியொனார்டோ கத்தியை எடுத்தது வேறு பசியால். மைக்கலாஞ்சலோவுக்கு உடம்பு ஒரு கருவி என்றால் அவருக்கு அது ஒரு கேள்வி. 1510-11 குளிர்காலத்தில், பாவியா பல்கலைக்கழகத்தின் இளம் பேராசிரியர் மார்க்கன்டோனியோ டெல்லா டோரேயோடு சேர்ந்து அவர் வேலை செய்ததாகத் தெரிகிறது. அந்தக் காலத்தில் நிரம்பிய 18 தாள்களில் 240க்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. சுற்றிலும் அவருடைய வலமிருந்து இடமாக ஓடும் குறிப்புகள். ஒரு தோளை எடுத்துக்கொள்கிறார். முன்னாலிருந்து வரைகிறார், கொஞ்சம் திருப்பி வரைகிறார், இன்னும் கொஞ்சம் திருப்பி வரைகிறார், பின்பக்கம் வரும்வரை விடுவதில்லை. தாளில் கண்ணை ஓடவிட்டால் தோள் சுழல்கிறது. வேறு இடத்தில் தசைகளைக் கழற்றிவிட்டு அவை இருந்த இடத்தில் கயிறுகளைக் கட்டி வரைகிறார். தசை எங்கே தொடங்கி எங்கே பிடித்து எந்தத் திசையில் இழுக்கிறது என்பது அந்தக் கயிற்றில் ஒரே பார்வையில் விளங்கிவிடுகிறது. இன்றைக்கும் உடற்கூறு சொல்லித்தருபவர் கரும்பலகையில் செய்வது இதைத்தான்.

டெல்லா டோரே 1511இல் கொள்ளைநோயில் இறந்தார். லியொனார்டோ எண்ணியிருந்த உடற்கூற்றுப் புத்தகம் வரவில்லை. அந்தத் தாள்கள் இப்போது இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில், அரச சேகரிப்பில் இருக்கின்றன. லியொனார்டோ காலத்து ஓவியர்களோ மருத்துவர்களோ அவற்றால் பெரும்பயன் பெறவில்லை. அந்த இடத்தை நிரப்பியவர் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ். 1543இல் பாசல் நகரத்தில் அவருடைய பெருநூல் அச்சாகி வந்தபோது அவருக்கு வயது 28. மனித உடலின் அமைப்பைப் பற்றிய அந்த நூலின் மரச்செதுக்குப் படங்களை டிஷியனின் பட்டறையைச் சேர்ந்தவர்கள் செய்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து.

வெசாலியஸின் தசை மனிதர்கள் அறுவை மேசையில் கிடப்பதில்லை. பாதுவா பக்கத்து மலைகளும் இடிபாடுகளும் தெரியும் வெளியில் எழுந்து நிற்கிறார்கள், கை நீட்டுகிறார்கள். பக்கம் புரளப் புரள ஒவ்வொரு அடுக்காகத் தசை உரிகிறது. உரிய உரிய நிற்கும் தெம்பும் போகிறது. பிடிப்பு விட்ட தசைகள் தொங்குகின்றன. ஒரு கட்டத்தில் உடம்பைக் கயிற்றில் கட்டி நிறுத்த வேண்டியிருக்கிறது. எந்தத் தசை போனால் எந்த நிலை குலையும் என்று ஓவியர் பாடமே நடத்திவிடுகிறார். அந்தப் பக்கங்களை வரிசையாக அடுக்கினால் பின்னணி நிலக்காட்சி ஒன்றோடொன்று பொருந்தித் தொடர்ந்து ஓடும் என்பது, படம் செய்தவர்களின் கெத்தைக் காட்டும் சங்கதி.

இருநூறு ஆண்டு கழித்து, 1747இல், லைடன் நகரத்துப் பேராசிரியர் அல்பினஸும் ஓவியர் யான் வாண்டெலாரும் வெளியிட்ட படத்தொகுதி துல்லியத்தில் இன்னொரு படி ஏறியது. எலும்புக்கூட்டுக்கு முன்னால் கயிற்று வலைகளைக் கட்டி, கட்டம் கட்டமாகப் பார்த்து வரைந்தார்கள். அத்தனை கறாரான வேலைக்கு நடுவிலும் வாண்டெலாருக்கு ஓவியனின் குறும்பு போகவில்லை. எலும்புக்கூட்டுக்குப் பின்னால் ஒரு காண்டாமிருகம் மேய்கிறது. அப்போது ஐரோப்பாவில் ஊர் ஊராகக் காட்டப்பட்ட கிளாரா என்ற இந்தியக் காண்டாமிருகம் அது.

இந்தப் பாடங்களுக்கு ஒரு விலை இருந்தது. அதைச் சொல்லாமல் ரசிப்பது சரியில்லை. அறுக்கப்பட்ட உடல்கள் தூக்கிலிடப்பட்டவர்களுடையவை, கேட்பாரில்லாமல் மருத்துவமனையில் இறந்தவர்களுடையவை. ரெம்பிராண்ட் 1632இல் தீட்டிய டாக்டர் டுல்ப்பின் உடற்கூறு வகுப்பில் மேசைமேல் கிடப்பவர் ஆரிஸ் கிண்ட், திருட்டுக்காகத் தூக்கிலிடப்பட்டவர். அந்தப் படத்தில் டுல்ப்பின் வலது கை இடுக்கியால் முன்கைத் தசையைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. இடது கை அந்தத் தசை விரல்களை எப்படி மடக்கும் என்று தன் விரல்களையே மடக்கிக் காட்டுகிறது. செத்த கையும் உயிருள்ள கையும் ஒரே பாடத்தை அடுத்தடுத்துச் சொல்கின்றன. லண்டன் ராயல் அகாதமியில் 1776இல் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலைத் தோலுரித்து, பழைய ரோமானியச் சிலையொன்றின் நிலையில் கிடத்தி வார்ப்பு எடுத்தார்கள். அவரைக் கடத்தல்காரர் என்று நினைத்த மாணவர்கள் லத்தீன் ஒலியோடு கேலிப்பெயர் ஒன்றும் வைத்தார்கள். அந்த மனிதரின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

கற்கும் உரிமையும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. அதே அகாதமியின் உறுப்பினர்களை ஜோஹன் ஸோஃபனி 1771-72இல் கூட்டமாகத் தீட்டினார். ஆண்கள் எல்லாரும் நிர்வாண மாடலைச் சுற்றி நிற்கிறார்கள். அகாதமியை நிறுவியவர்களில் இருவரான ஆஞ்செலிகா காஃப்மனும் மேரி மோஸரும் மட்டும் சுவரில் மாட்டிய படங்களாக இருக்கிறார்கள். மாடல் இருக்கும் அறையில் பெண்கள் நிற்பது முறையில்லையாம். அகாதமியின் மாணவிகளுக்கு, அதுவும் இடுப்பை மறைத்த மாடலை வரைய, கதவு திறந்தது 1893இல்தான். அமெரிக்காவில் தாமஸ் ஈக்கின்ஸ் பெண்கள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடுப்புத் துணியை எடுத்ததற்காக 1886இல் பென்சில்வேனியா அகாதமியிலிருந்து விலக நேர்ந்தது. பெண் ஓவியர்கள் ஏன் பெரிய வரலாற்றுக் காட்சிகளை அதிகம் தீட்டவில்லை என்று வியப்பவர்களுக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. உடம்பைப் படிக்க விடாமல் உடம்புகள் நிறைந்த படத்தைக் கேட்டால் எப்படி வரும்?

கத்தி எடுக்காமல் கற்கும் வழியை உண்டாக்கியவர்கள் சிற்பிகளும் ஆசிரியர்களும். ஃபிரெஞ்சுச் சிற்பி ஊதோன் 1767இல் ரோமில் செய்த தோலுரித்த ஆள் உருவம் பிளாஸ்டர் வார்ப்புகளாகக் கலைப்பள்ளிகள் எங்கும் போய்ச் சேர்ந்தது. பாரிஸில் மருத்துவர் பால் ரிஷே 1890இல் ஓவியர்களுக்காகவே ஓர் உடற்கூற்று நூல் எழுதி, படங்களையும் தாமே வரைந்தார். உயிரோடு நிற்கும் ஆளின் தோலுக்கு மேல் எது தெரியும் என்பதே அதில் அவருடைய அக்கறை. ஓவியனுக்கு வேண்டியதும் அதுதான். உடம்பில் 206 எலும்பு, அறுநூறுக்கு மேல் தசை. அவற்றில் பெரும்பகுதி வெளியே தலைகாட்டுவதே இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கல்விக்கு நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் ஒரு பெரிய களம். ஜார்ஜ் பிரிட்ஜ்மன் அங்கே ஏறத்தாழ 45 ஆண்டு உடற்கூறு சொல்லித்தந்தார். அவருடைய புகழ்பெற்ற நூல் 1920இல் வந்தது. பிரிட்ஜ்மனின் முறை எளிமையானது. தலை ஒரு கட்டி, நெஞ்சுக்கூடு ஒரு கட்டி, இடுப்பு ஒரு கட்டி. இந்த மூன்றும் தம்மளவில் வளையாதவை. வளைவும் முறுக்கும் எல்லாம் இவற்றுக்கு இடையில் இருக்கும் கழுத்திலும் இடையிலும்தான் நடக்கின்றன. ஆகவே முதலில் மூன்று கட்டிகளும் எந்தெந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார். பிறகு நடுவில் இருப்பது எந்தப் பக்கம் அழுந்துகிறது, எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார். ஒரு காலில் எடை போட்டு நிற்பவரின் இடுப்பு அந்தப் பக்கம் உயரும். தோள் அதே பக்கம் தாழும். கிரேக்கச் சிற்பி பாலிக்ளீட்டஸ் காலத்திலிருந்து சிற்பிகள் அறிந்த இந்தச் சூத்திரம் பிரிட்ஜ்மன் கையில் இரண்டு பெட்டிகளின் சாய்வாக விளங்கிவிடுகிறது.

அதே கட்டடத்தில் அவருக்கு எதிர்ப்பாட்டும் ஒலித்தது. கிமோன் நிக்கோலாய்டிஸ் மாணவர்களை முதல் நாளிலிருந்தே ஒரு நிமிட போஸ்களை வரைய வைத்தார். உருவத்தைப் பார்க்காதே, அது என்ன செய்கிறது என்று பார் என்பது அவர் பாடத்தின் சாரம். அவர் 1938இல் இறந்தபின், 1941இல் வந்த அவருடைய பயிற்சி நூல் இன்றும் பல கலைப்பள்ளிகளில் புழங்குகிறது. கட்டமைப்பா, அசைவா, எது முதலில் என்று இன்னும் வாதாடுகிறார்கள். என் கட்சி இது: அசைவு முதலில், ஆனால் தினமும் அதன் பின்னாலேயே எலும்பு. அசைவை மட்டும் படித்தவரின் உருவங்கள் ஓடும், ஆனால் நிற்காது. எலும்பை மட்டும் படித்தவரின் உருவங்கள் நிற்கும், நின்றுகொண்டே இருக்கும்.

எலும்பைப் படிப்பது என்றால் எங்கே தொடங்குவது? தோலுக்கு நேர்கீழே எலும்பு இருக்கும் இடங்களில். கழுத்துக்குழி, காறை எலும்பு, தோள்முனை, முழங்கை, மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்க மேடு, இடுப்பெலும்பின் முன்முனைகள், முழங்கால் சில்லு, கணுக்கள். எவ்வளவு பருத்தாலும் இந்த இடங்களில் சதை அதிகம் ஏறாது. ஒல்லியானவரிடம் மேடாகத் தெரியும் அதே இடம் பருமனானவரிடம் குழியாகத் தெரியும். இடுப்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விழும் குழிகள் அப்படிப்பட்டவை. இந்தப் புள்ளிகளைச் சரியாகக் குறித்துவிட்டால் உடம்பின் கணக்கு பிடிபட்டுவிடும். நடுவில் இருக்கும் சதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. வளர்ந்த மனிதரின் உயரம் சராசரியாக ஏழரைத் தலை. அழகுக்காக எட்டுத் தலை போடுவது ஓவியர் வழக்கம். நம்மவர்களின் எண்சாண் உடம்பும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். பிறந்த குழந்தைக்கு நாலு தலை. இதை மறந்து வளர்ந்த ஆளைச் சின்னதாக்கிக் குழந்தை என்று வரைந்த கோயில் சுவரோவியங்களும் தேவாலய ஓவியங்களும் உலகம் முழுக்க உண்டு. கண் தலையின் சரிபாதியில் இருக்கிறது என்று சொன்னால் நம்பாத மாணவர்கள் கண்ணாடி முன்னால் அளந்து பார்த்துத்தான் அடங்குவார்கள்.

ஆனால் அளவு அடியெடுத்து வைப்பது மட்டுமே. ருசி இருப்பது அசையும் இடங்களில். உங்கள் முன்கையை உள்ளங்கை மேலே தெரியும்படி மேசைமேல் வையுங்கள். உள்ளே இரண்டு எலும்புகள் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன: சுண்டுவிரல் பக்கம் அல்னா, கட்டைவிரல் பக்கம் ரேடியஸ். இப்போது உள்ளங்கையைக் கவிழுங்கள். அல்னா ஏறக்குறைய இருந்த இடத்திலேயே கிடக்க, ரேடியஸ் அதன்மேல் குறுக்கே புரள்கிறது. கை திரும்பியது, முழங்கை திரும்பவில்லை. மேலே ஒட்டியிருக்கும் தசைகளும் புரண்ட எலும்போடு சேர்ந்து மணிக்கட்டை நோக்கிச் சாய்வாகச் சுற்றி இறங்குகின்றன. அந்தச் சாய்வு இல்லாமல் கவிழ்த்த கையை வரைந்தால் அது உருளைக்கட்டை ஆகிவிடும். இன்னொரு விரலால் முழங்கை முனையிலிருந்து சுண்டுவிரல் பக்கமாகத் தடவிக்கொண்டே வாருங்கள். மணிக்கட்டு வரை தோலுக்கடியில் எலும்பின் விளிம்பு தட்டுப்படும். விரலை மடக்கும் தசைகளுக்கும் நீட்டும் தசைகளுக்கும் அதுவே வரப்பு. முன்கை எந்த நிலையில் இருந்தாலும் இந்த ஒரு கோட்டைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவை தாமே வந்து அமரும்.

காலில் வேறொரு லயம். முன்னால் இருந்து பாருங்கள். தொடையின் வெளிப்பக்கத் தசை உயரத்தில் முடிகிறது. உள்பக்கத் தசை முழங்காலை ஒட்டித் தாழ்ந்து இறங்குகிறது. கெண்டைச்சதையிலும் அதே கதை: வெளிப்பக்கம் ஏற்றம், உள்பக்கம் இறக்கம். கணுவுக்கு வந்ததும் தாளம் மாறுகிறது. உள்கணு உயரத்தில், வெளிக்கணு தாழ்வில். காலின் இரண்டு ஓரக் கோடுகளும் எங்குமே சம உயரத்தில் புடைப்பதில்லை. ஒன்று விட்ட இடத்தில் மற்றது எடுக்கிறது. ஜாடியின் இரண்டு ஓரமும் ஒரே வளைவாக இருப்பதால் ஜாடி நகராது. கால் நடப்பதாகத் தோன்றுவது இந்த ஏற்ற இறக்கத்தால்.

தோளும் ஏமாற்றும். பக்கவாட்டில் தொங்கும் கையைத் தலைக்கு மேலே 180 பாகை தூக்கும்போது தோள்மூட்டு தருவது சுமார் 120 பாகை. மீதி 60 பாகையைத் தோள்பட்டை எலும்பு சுழன்று கொடுக்கிறது. கையை மட்டும் தூக்கி, தோளை அசையாமல் வரைந்த விளம்பரப் படங்களை நம் சுவர்களில் எத்தனையோ பார்க்கலாம். பரதநாட்டியத்தின் அரைமண்டியும் அப்படித்தான். முழங்கால்கள் வெளிப்பக்கம் பார்ப்பது தொடை இடுப்புக்குழியில் திரும்புவதால். இடுப்பைத் திருப்பாமல் முழங்காலை மட்டும் வளைத்து வரைந்தால் நர்த்தகி ஆடமாட்டாள். எலும்பு முறிந்து நிற்பாள்.

இவ்வளவும் கற்றவருக்கு அடுத்த ஆபத்து கற்றதைக் காட்டும் ஆசை. பதினைந்தாம் நூற்றாண்டின் பின்பகுதியில் வந்த, பொல்லாயுவோலோவின் நிர்வாணர்களின் போர் என்னும் செம்புச் செதுக்கு அச்சு இதற்கு முதல் பெரிய சாட்சி. பத்து ஆண்கள் வாளும் வில்லும் ஏந்திச் சண்டை போடுகிறார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரும் சாதனை, சந்தேகமில்லை. ஆனால் எல்லார் உடம்பிலும் எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் விறைத்திருக்கிறது. தசைகள் எதிரெதிர் ஜோடிகளாக வேலை செய்கின்றன; கையை மடக்கும் தசை சுருங்கும்போது நீட்டும் தசை தளர வேண்டும். இரண்டும் ஒருசேர விறைத்தால் கை அசையாது. தசை ஞானத்தைக் காட்ட விரும்பும் ஓவியன் வரைந்த உடம்பு கொட்டை மூட்டையைப் போலாகிவிடும் என்று லியொனார்டோ எச்சரித்தது இப்படிப்பட்ட உடம்புகளை நினைத்துத்தான் இருக்க வேண்டும். இன்றைய சூப்பர்ஹீரோ படக்கதைகளிலும் வீடியோ கேம்களிலும் அந்த மூட்டை இன்னும் அவிழவில்லை.

நேர் எதிர்த்திசையில் ஃபிரெஞ்சு ஓவியர் ஆங்கர் இருக்கிறார். 1814இல் அவர் தீட்டிய, லூவரில் இருக்கும் பெரிய ஒடலிஸ்க்கின் முதுகு மிக நீளம். முதுகெலும்பில் சில கண்ணிகள் கூடிவிட்டன என்று அன்றே விமர்சகர்கள் சிரித்தார்கள். ஆனாலும் அந்த முதுகின் நீண்ட வளைவைக் குறைத்துத் திருத்தினால் படம் செத்துவிடும். விதியை மீறியவர் விதி தெரிந்தவர் என்பது அந்தக் கோட்டின் உறுதியிலேயே புலப்படுகிறது. தெரியாமல் நீண்ட முதுகுக்கும் தெரிந்து நீட்டிய முதுகுக்கும் உள்ள தூரம் பெரிது.

உடற்கூறு இல்லாமலே உடம்பை வென்ற மரபும் நம்மிடம் இருக்கிறது. சோழர் செப்புத்திருமேனியில் தசை கிடையாது, நரம்பு கிடையாது. மூச்சு நிரம்பிய வழவழப்பான உடல். ஸ்தபதி கத்தியால் கற்கவில்லை. தாளக் கணக்கால் கற்றார். உத்தம தசதாளம் என்னும் கணக்கில் திருமேனியின் உயரம் அங்குலம் எனப்படும் 124 பங்குகள். முகம், கழுத்து, மார்பு, தொடை ஒவ்வொன்றுக்கும் அதில் பங்கு உண்டு. சுவாமிமலையில் தென்னை ஓலையை மடித்து அந்த அளவுகளை இன்றும் எடுக்கிறார்கள். ஆனால் திரிபங்கமாக நிற்கும் அம்மனின் இடுப்பைப் பாருங்கள். எடை எந்தக் காலில் என்பதில் ஒரு பிசகும் இருக்காது. தோலுக்கு அடியில் போகாமலே எடையைப் படித்தவர்கள் அவர்கள். இரண்டு மரபும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. ஒன்றை வைத்து மற்றதை மட்டம்தட்டுவது ரசிகனின் வேலை இல்லை.

இரண்டும் அருகருகே வந்த ஊர் சென்னை. 1850இல் இங்கே கலைப்பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர் தொழிலால் ஓர் அறுவை மருத்துவர். அந்தப் பள்ளிக்கு 1929இல் தலைமை ஏற்ற முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்தில் பிறந்தவர், மல்யுத்தமும் தெரிந்தவர். தசையின் வேலையைத் தன் உடம்பிலேயே அறிந்த அந்த மனிதரின் பெரும்படைப்பு நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: மெரினா கடற்கரைச் சாலையில் 1959இல் நிறுவிய உழைப்பாளர் சிலை. பேருந்திலிருந்து ஓராயிரம் முறை பார்த்துவிட்டதால் அதை நாம் பார்ப்பதே இல்லை.

இறங்கிப் பாருங்கள். பாறையைப் பெயர்க்கத் திணறும் நான்கு பேர். ஜிம்மில் ஊதிய உடம்பு ஒன்றுகூட இல்லை. விலா தெரியும், வயிறு ஒட்டியிருக்கும், கூலிவேலையில் முறுக்கேறிய உடம்புகள். பொல்லாயுவோலோவின் பத்துப் பேரோடு இவர்களை ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். நான்கு பேரும் ஒரே வேலையைச் செய்தாலும் அந்த வேலை ஒவ்வோர் உடம்பிலும் வேறு வேறு இடத்தில் விழுகிறது. நிலை மாற மாற இறுகும் தசையும் மாறுகிறது. தரையைப் பற்றும் பாதத்தில் தொடங்கி, கெண்டைச்சதை, தொடை, இடுப்பு, முதுகு, கை என்று அந்தப் பளு ஏறிப்போகும் பாதையைக் கண்ணால் தொடரலாம். எங்கேயும் அது அறுந்துபோவதில்லை. மனித உருவத்தில் உடற்கூறு சரியாக அமைந்ததா என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தெரியாது: தசைகளின் எண்ணிக்கை அல்ல, பளுவின் தொடர்ச்சி.

ஆகவே வரையக் கற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தடித்த புத்தகம் வாங்கி முதல் பக்கத்திலிருந்து தசைப் பெயர்களை உருப்போடாதீர்கள், பாதியில் விட்டுவிடுவீர்கள். உங்கள் இடது கை எப்போதும் உங்களிடம் இருக்கிறது. அதைத் திருப்பித் திருப்பி, எலும்பைத் தடவித் தடவி வரையுங்கள். சந்தேகம் வந்த இடத்துக்கு மட்டும் புத்தகத்தைத் திறங்கள். அப்படித் தெரிந்துகொண்ட பெயர் மறக்காது. பேருந்து நிறுத்தத்திலும் ரயிலிலும் நிற்பவர்களின் எடை எந்தக் காலில் என்று பாருங்கள். மாதம் ஒருமுறை மெரினாவுக்குப் போங்கள். அங்கே நான்கு மாடல்கள் அறுபது ஆண்டுக்கு மேலாக அசையாமல் போஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டணமும் கிடையாது. நோட்டையும் ஒரு கரித்துண்டையும் எடுத்துப் போனால் போதும்.